நூலக வரி நம்முடையது; நூலகர் படிப்பு யாருக்கு?

சென்ற மாதம் ஒரு மாலை நேரம். மேலூரில் சங்க ஆபீசில் உட்கார்ந்து, நடவுக் கூலி பாக்கி சம்பந்தமாகத் தாசில்தாருக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தேன். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். தோழர் கைநாட்டு. மகளோ பி.ஏ. சரித்திரம் தேறியவள். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் மார்க் பட்டியல், சாதிச் சான்று, ரேஷன் கார்டு நகல், பாங்கிப் புத்தகம் எல்லாம் மடிப்புக் கலையாமல் அடுக்கி வைத்திருந்தாள்.

"சித்தப்பா, நான் மேற்கொண்டு லைப்ரரி சயன்ஸ் படிக்கணும். பண உதவி எங்கே கிடைக்கும்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தெரியாததை மறைக்க ஒரு கேள்வி கேட்டேன். "ஏன் தாயி, டீச்சருக்குப் படிக்கலாமே, நர்ஸ் வேலைக்குப் படிக்கலாமே. இது எதுக்கு?"

"நம்ம ஊர்ல கட்டின லைப்ரரி பூட்டியே கெடக்குது சித்தப்பா. அதைத் திறந்து வைக்க ஒரு ஆள் வேணுமில்ல?" என்றாள்.

அவளுடைய தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. துண்டை மடியில் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி இருந்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். "நீங்கள் நாலெழுத்துப் படித்தவர், உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்பதுதான் அது.

நான் பத்தாவது தேறியதோடு நின்றவன். என் தகப்பனார் வேலை பார்த்த பஞ்சாலை கதவடைத்துக் கிடந்த வருஷம் அது. அந்த வருஷம் எனக்கு வாங்கியிருக்கக்கூடிய உபகாரச் சம்பளம் ஒன்று இருந்தது. அந்த விஷயமே பத்து வருஷம் கழித்து, வேறொரு பையனுக்காக ஒரு ஆபீசில் போய் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. பாரம் எங்கே கிடைக்கும் என்று சொல்ல அன்று எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. ஆகையால் இந்தப் பெண்ணிடம் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட மனம் வரவில்லை. இரண்டு வாரம் அலைந்தேன். அலைந்து அறிந்ததை மில்லிலும் வயலிலும் பாடுபடுகிற தோழர்கள் அனைவரும் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பசித்தவனுக்குப் புத்தகமா?

முதலில் நம் தோழர்களே கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "கூலி உயர்வுக்கே போராட்டம் நடத்த வேண்டியிருக்கிறது. இதில் நூலகம் ஒரு கேடா?" என்று கேட்கிறார்கள்.

நம் தாலுகாவில் நடந்ததையே யோசித்துப் பாருங்கள். அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழக சர்க்கார் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024 நவம்பரில் அதே வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததாக டில்லியிலிருந்து செய்தி வந்தது. ஊர் ஊராக ஜனங்கள் திரண்டார்கள். 2025 ஜனவரி 23-ஆம் தேதி ஏலம் ரத்தாயிற்று. அந்த நாட்களில் நாம் எதைத் தேடி அலைந்தோம்? உத்தரவின் நகலை. அதைப் படித்து, எந்தெந்த ஊர், எத்தனை ஏக்கர் என்று தமிழில் சொல்ல ஆளை. ஊருக்கு ஊர் ஒரு திறந்த நூலகமும், தேடித் தரத் தெரிந்த ஒரு நூலகரும் இருந்திருந்தால் அந்த அலைச்சலில் பாதி மிச்சம்.

கூலிச் சட்டம் எது, பி.எப். கணக்கு எப்படி, பட்டா நகலுக்கு யாரிடம் போவது என்று நாம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் ஏதோ ஒரு காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதத்தை எடுத்துத் தருவதுதான் நூலகர் தொழில். அலமாரியைத் துடைத்துப் பூட்டுப் போடுவது மட்டும் அல்ல. அதனால்தான் அதற்குத் தனியாகப் படிப்பு வைத்திருக்கிறார்கள்.

பன்னிரண்டாவது முடித்தவர்களுக்குச் சில மாதச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. பட்டம் பெற்றவர்கள் ஒரு வருஷம் பி.எல்.ஐ.எஸ். படிக்கலாம், அதன் மேல் எம்.எல்.ஐ.எஸ். படிக்கலாம். சில பல்கலைக் கழகங்களில் இரண்டையும் சேர்த்து இரண்டு வருஷ எம்.எல்.ஐ.எஸ். ஆகவே வைத்திருக்கிறார்கள். மதுரை காமராசர் பல்கலைக் கழகத்திலும் இதற்கென்று ஒரு துறை இருக்கிறது. கல்லூரி நூலகர் ஆக வேண்டுமானால் எம்.எல்.ஐ.எஸ். பட்டத்தில் 55 சதவீத மார்க்கும், அதற்கு மேல் நெட் அல்லது செட் தேர்வும் வேண்டும். ஆக, நம் வீட்டுப் பிள்ளை இந்தத் தொழிலில் கீழ்ப்படியிலேயே நின்றுவிடாமல் மேலே போக வேண்டுமானால் முதல் பட்டம் போதாது. இரண்டாவது பட்டம் வேண்டும். உதவி சுருங்குகிற இடமும் அதுதான்.

முதல் நூலகர் யார் பணத்தில் படித்தார்?

உதவி கேட்பதைப் பிச்சை கேட்பதாக எண்ணி நம் தோழர்கள் கூசுகிறார்கள். அந்தக் கூச்சம் வேண்டாம். இந்தத் தொழிலின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

இந்தியாவில் நூலகக் கலையின் தந்தை என்று போற்றப்படுபவர் எஸ்.ஆர். ரங்கநாதன். தஞ்சை ஜில்லாவின் சீர்காழியில் 1892-ல் பிறந்தவர். சென்னையில் கணக்கு வாத்தியாராக இருந்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். அன்று அவருக்கு அந்தத் தொழில் தெரியாது. பல்கலைக் கழகம் என்ன செய்தது? அவரை லண்டனுக்கு அனுப்பி, அங்கே பல்கலைக் கழகக் கல்லூரியில் அதைப் படித்து வரச் செய்தது. 1925-ல் திரும்பி வந்தார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாயிற்று. 1929-ல் அந்தச் சங்கத்தின் சார்பில் கோடைக்கால நூலகப் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. 1931-ல் அந்தப் பயிற்சியைப் பல்கலைக் கழகமே ஏற்றுக்கொண்டது. அதே 1931 அக்டோபரில் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில், மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போகும் நூலகத்தைத் திறந்து வைத்தவரும் அவரே. பிற்காலத்தில் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாயை நூலகக் கல்விக்காகச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கே கொடுத்தார். அவர் மனைவி பெயரையும் சேர்த்து அங்கே ஒரு பேராசிரியர் பதவி ஏற்பட்டது.

இதில் நாம் பார்க்க வேண்டியது என்ன? சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகரைப் படிக்க அனுப்பியது ஒரு பொது ஸ்தாபனம். "முதலில் பணத்தைக் கட்டு, பிறகு பார்க்கலாம்" என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நூலகர் வேண்டும் என்று ஸ்தாபனம் நினைத்தது; நூலகரை உண்டாக்கிக்கொண்டது.

இன்னொன்றும் உண்டு. பரோடா சமஸ்தானத்தில் சாயாஜிராவ் மன்னர் 1910-ல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்ற நூலகரை வரவழைத்தார். ஊர் தோறும் நூலகம் வைக்க ஏற்பாடு நடந்தது. நூலகர்களுக்கு 1911-ல் பயிற்சி வகுப்பும் தொடங்கிற்று. அதே சமஸ்தானத்தின் உபகாரச் சம்பளத்தில்தான் 1913-ல் டாக்டர் அம்பேத்கர் நியூயார்க் நகரத்துக்குப் படிக்கப் போனார். மாதம் பதினொன்றரை பவுன், மூன்று வருஷத்துக்கு. அந்த உதவி இல்லையென்றால் அவர் கப்பல் ஏறியிருக்க முடியாது. அதை அவர் மறக்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகா உறுப்பினராக இருந்தபோது, தாழ்த்தப்பட்ட மாணவர்களின் மேற்படிப்புக்கு சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டுமென்று வற்புறுத்தினார். வருஷத்துக்கு மூன்று லட்ச ரூபாய் என்று 1944-ல் உபகாரச் சம்பளம் ஏற்பட்டது. இன்று பத்தாவதுக்கு மேல் படிக்கிற ஆதிதிராவிட மாணவர்களுக்குக் கிடைக்கும் உதவித்தொகைக்கு வேர் அதுதான். மன்னர் ஒருவருக்கு மனமிருந்து கொடுத்ததை, சர்க்கார் கொடுத்தே தீர வேண்டிய உரிமையாக மாற்றியவர் அம்பேத்கர். அந்த உரிமையைத்தான் நாம் கேட்கிறோம்.

எந்தக் கதவு, என்ன தொகை?

இனி நான் அலைந்து அறிந்ததைச் சொல்கிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாத தோழர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

முதலாவது, ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கான உதவித்தொகை. பெற்றோரின் வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் அறுபது பங்கும் மாநில சர்க்கார் நாற்பது பங்கும் போட வேண்டும் என்று 2020 டிசம்பரில் முடிவாயிற்று. ஐந்து வருஷத்துக்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய் என்றார்கள். கேட்கப் பெரிய தொகைதான். ஒரு பிள்ளைக்கு வருவது எவ்வளவு? கல்விக் கட்டணம் போக, சாதாரண முதுகலை படிக்கிறவருக்குக் கைச்செலவுக்கென்று 2021-ல் வகுத்த விதிப்படி, விடுதியில் தங்கினால் வருஷத்துக்கு 6,000 ரூபாய். வீட்டிலிருந்து போய்வந்தால் 3,000 ரூபாய். மூவாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் இருநூற்றைம்பது. மேலூரிலிருந்து மதுரைக்குப் போய், அங்கே பஸ் மாறிக் கல்லூரிக்குப் போய், மத்தியானம் ஒரு பொட்டலம் சோறு வாங்கினால் அது எத்தனை நாளைக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டத்தில் நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு சௌகரியம் உண்டு. அதன் பெயர் ப்ரீஷிப் கார்டு. தகுதியுள்ள ஆதிதிராவிட மாணவர் முன்பணம் கட்டாமலே கல்லூரியில் சேருவதற்காக ஏற்பட்டது அது. சேருவதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் பிரயோஜனம் குறைவு.

இரண்டாவது, பிற்பட்ட, மிகப் பிற்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநில சர்க்காரின் நலத்துறை கொடுக்கிற உதவி. இதற்கும் வருமான வரம்பு உண்டு. எந்தக் கல்லூரியில் சேர்ந்தால் உண்டு, எதில் சேர்ந்தால் கிடையாது என்பதைச் சேருவதற்கு முன் ஜில்லா கலெக்டர் ஆபீசில் இருக்கிற நலத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்கு. 2011-ல் கொண்டுவரப்பட்ட முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் சிறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் உறுப்பினராகப் பதிந்துகொள்ளலாம். பதிந்தவர்களின் பிள்ளைகள் மேற்படிப்புப் படித்தால் வருஷா வருஷம் கல்வி உதவி உண்டு. தொகை பெரிதல்ல. ஆனால் புத்தகச் செலவுக்கு ஆகும். கிராம நிர்வாக அலுவலர் மூலம் மனுச் செய்ய வேண்டும். அன்று வந்த தோழரிடம் அந்த அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. மூன்று வருஷம் மகள் பி.ஏ. படித்தபோது ஒரு தடவைகூட அதை வெளியே எடுத்து மனுக் கொடுக்கவில்லை. "சாவுக்குத்தான் பணம் வரும்னு நெனச்சேன் தோழர்" என்றார். அந்தக் குற்றம் அவருடையதல்ல. அட்டை வாங்கிக் கொடுத்த நாம், அதில் என்னென்ன உண்டு என்று சொல்லாமல் விட்டோம்.

நான்காவது, மில் தொழிலாளருக்கு. சம்பளத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை தொழிலாளர் நல நிதி என்று கொஞ்சம் பிடிக்கிறார்களே, அது எங்கே போகிறதென்று கேட்டதுண்டா? தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகிறது. அந்த வாரியம் சந்தா கட்டும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கொடுக்கிறது. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களிலும் கல்வி உதவி உண்டு. எந்தப் படிப்புக்கு எவ்வளவு, கடைசித் தேதி எது என்பதை ஒவ்வொரு வருஷமும் யூனியன் விசாரித்து நோட்டீஸ் பலகையில் ஒட்ட வேண்டும்.

ஐந்தாவது, பல்கலைக் கழக மானியக் குழுவின் முதுகலை உதவித்தொகை. 2023-24 முதல் நடப்புக்கு வந்தது. இந்தியா முழுவதற்கும் 10,000 பேர். மாதம் 15,000 ரூபாய், வருஷத்தில் பத்து மாதம். முதுகலை முதல் வருஷத்தில், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மனுச் செய்ய வேண்டும். பட்டப்படிப்பு மார்க்கை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் படிப்பவர்களுக்கே இது உண்டு. தபால் வழிப் படிப்புக்குக் கிடையாது. கிடைத்தால் குடும்பமே மூச்சு விடும். நல்ல மார்க் வாங்கிய பிள்ளை கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் இதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

பாங்கிக் கடனைப் பற்றியும் கேட்கிறார்கள். நான்கு லட்சம் வரை ஈடு கேட்காமல் கல்விக் கடன் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கடன் கடன்தான். வட்டியைச் சர்க்கார் ஏற்கும் சலுகை தொழிற்படிப்புகளுக்கு என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். கந்துவட்டியில் நொந்தவர்களுக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்ற எல்லாக் கதவையும் தட்டிய பிறகே இந்தக் கதவு.

மூன்று கண்ணிகள்

இத்தனை கதவுகள் இருந்தும் நம் பிள்ளைகள் ஏன் உள்ளே போக முடிவதில்லை? வழியில் கண்ணிகள் இருக்கின்றன.

முதல் கண்ணி: உதவி முதல் பட்டத்தோடு முடிந்துபோவது. சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கிற்று. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டும் நல்ல திட்டங்கள். நம் தோழரின் மகள் பி.ஏ. முடித்ததே அந்த ஆயிரம் ரூபாயால்தான். ஆனால் பி.ஏ. முடிந்த மாதத்தோடு அதுவும் முடிந்தது. நூலகர் படிப்போ பி.ஏ.வுக்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

இரண்டாவது கண்ணி: "ஒரே நிலையில் இரண்டாவது படிப்பு" என்ற விதி. ஒரு பட்டம் பெற்றவர் அதே நிலையில் இன்னொரு பட்டம் படித்தால் உதவி கிடையாது என்று உதவித்தொகை விதிகளில் சொல்லியிருக்கிறது. பி.ஏ.வும் இளநிலை, பி.எல்.ஐ.எஸ்.ஸும் இளநிலை. ஆகையால், "உனக்குத்தான் ஏற்கெனவே பட்டம் இருக்கிறதே" என்று மனுவைத் தள்ளிவிட இடமிருக்கிறது. சேருவதற்கு முன்பே இந்தப் படிப்புக்கு உதவி உண்டா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். இரண்டு வருஷ எம்.எல்.ஐ.எஸ். முதுநிலைப் படிப்பு. அங்கே இந்த வழக்கு எழாது. இடம் கிடைத்தால் அதில் சேருவது உத்தமம்.

மூன்றாவது கண்ணி: வருமான வரம்பும் காலதாமதமும். இரண்டரை லட்சம் என்ற வரம்பைப் பத்து வருஷத்துக்கு மேலாக அசைக்கவில்லை. மாதக் கணக்கில் பார்த்தால் இருபதாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். புருஷன் மில்லிலும் மனைவி ஒரு கம்பெனியிலும் வேலை பார்த்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடுவார்கள். சர்க்கார் கணக்கில் அவர்கள் வசதியானவர்கள். வீட்டு வாடகைக்கும் மருந்துக்கும் போக மிச்சம் என்ன என்று கணக்கு கேட்பவர் யார்? வரம்புக்குள் இருப்பவர்களுக்கும் பணம் நேரத்துக்கு வருவதில்லை. கட்டணம் ஜூன், ஜூலையில் கேட்கிறார்கள். உதவித்தொகை வருஷக் கடைசியில் வருகிறது. அந்த இடைவெளியில்தான் காதில் கிடக்கும் தோடு அடகுக் கடைக்குப் போகிறது.

நாங்கள் ஒரு கல்லூரியில் விசாரித்தோம். "முதலில் கட்டுங்கள். உதவித்தொகை வந்தால் திருப்பித் தருகிறோம்" என்றார்கள். ப்ரீஷிப் கார்டு என்ற பேச்சை எடுத்ததும், "அது எங்களுக்குத் தெரியாது" என்றார்கள். சட்டத்தில் இருப்பது மேசைக்கு வந்து சேரவில்லை.

நம் கோரிக்கை

இனி முக்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷமே, 1948-ல், சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். அன்று கல்வி மந்திரியாக இருந்த அவிநாசிலிங்கம் செட்டியார் காலத்தில், ரங்கநாதனின் முயற்சியால் வந்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்று அது ரூபாய்க்குப் பத்துப் பைசா. கலெக்டர் பங்களா தெருவில் இருப்பவர் மட்டும் அதைக் கட்டவில்லை. ஓட்டு வீட்டுக்கும் காலனி வீட்டுக்கும் வரி ரசீது போடும்போது அதுவும் சேர்ந்துதான் வருகிறது. உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். மூன்று தலைமுறையாக நாம் கட்டிக்கொண்டு வருகிறோம்.

அந்த வரியிலும் சர்க்கார் பணத்திலும் பெரிய கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. மதுரை நத்தம் ரோட்டில் 2023 ஜூலை 15-ஆம் தேதி கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அது நமக்குப் பெருமைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஆனால் மதுரையில் விளக்கு எரிந்தால் மட்டும் நம் கிராமத்துக்கு வெளிச்சம் வந்துவிடாது. 2006 முதல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். அவற்றில் பல பின்னர் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. ஒரு பக்கம் படித்து முடித்தவர்கள் வேலைக்குக் காத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் பூட்டிய நூலகங்கள் ஆளுக்குக் காத்திருக்கின்றன. இடையில் இருப்பது சர்க்காரின் கஞ்சத்தனம் ஒன்றே.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

நூலக வரியில் ஒரு பங்கை நூலகர் படிப்புக்கு உதவித்தொகையாக ஒதுக்க வேண்டும். விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகளுக்கு அதில் முதலிடம் வேண்டும். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றால் சட்டத்தைத் திருத்த வேண்டும். தேவை வந்தபோதெல்லாம் வரியை உயர்த்தத் திருத்திய சட்டம்தானே!

மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டங்களை முதுகலைக்கும் நீட்டிக்க வேண்டும்.

வருமான வரம்பை உயர்த்த வேண்டும். கட்டணத்தைச் சேர்க்கைக் காலத்திலேயே செலுத்த வேண்டும். ப்ரீஷிப் கார்டை மதிக்காத கல்லூரிகள் மீது நடவடிக்கை வேண்டும்.

பூட்டிய நூலகங்களுக்கு முறையான சம்பளத்தில் நூலகர்களை நியமிக்க வேண்டும். வேலை இல்லாத படிப்புக்கு உதவி கொடுப்பது பாதிக் கிணறு தாண்டுவது.

நாம் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்யும்வரை கை கட்டி நிற்க முடியாது. சங்கத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. கூலிக்குப் போராடத் தெரிந்த நாம், பாரம் நிரப்பும் வேலையை அற்பம் என்று நினைத்துவிட்டோம். அந்த நினைப்பால் எத்தனை பிள்ளைகளின் படிப்பு நின்றது என்று நம்மிடம் கணக்கு இல்லை. என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கிளையிலும் மே மாதமே ஒரு நோட்டுப் போட வேண்டும். எந்தத் தோழர் வீட்டில் யார் என்ன படித்து முடித்தார், மேற்கொண்டு என்ன படிக்க நினைக்கிறார் என்று அதில் எழுத வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் இ-சேவை மையத்தில் அப்போதே மனுச் செய்து வாங்கிவிட வேண்டும். பாங்கிக் கணக்கில் ஆதார் எண் இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணம் நேரே கணக்குக்கு வருவதால், அது இல்லையென்றால் எல்லாம் வீண். நல வாரிய அட்டையும் உழவர் பாதுகாப்பு அட்டையும் பெட்டியிலிருந்து வெளியே வரட்டும். ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். காரணம் சொல்லாமல் மனுவைத் தள்ளினால், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் காரணம் கேட்க வேண்டும். இது ஒருவர் செய்கிற வேலை அல்ல. கல்லூரி முடித்த பிள்ளைகள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க ஆபீசில் வந்து உட்கார்ந்தால் போதும்.

தோழரின் மகள் விஷயம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். எம்.எல்.ஐ.எஸ். படிப்புக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. ப்ரீஷிப் கார்டுக்கு மனுக் கொடுத்திருக்கிறோம். ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது. அட்டை வரத் தாமதமானால் முதல் தவணையைக் கட்டக் கிளைத் தோழர்கள் ஆளுக்கு நூறு, ஐம்பது என்று போட்டு வைத்திருக்கிறார்கள். நாற்று நட்ட கைகள் கொடுத்த பணம் அது. ஒரு பெண்ணுக்கு இப்படிச் செய்யலாம். தாலுகாவில் நூறு பெண்கள் வந்து நின்றால் என்ன செய்வோம்? அதற்குத்தான் நாம் கட்டிய வரி இருக்கிறது. அதைக் கேட்போம்.

நேற்றுத் தோழர் மறுபடி ஆபீசுக்கு வந்தார். நடவுக் கூலி மனு என்னவாயிற்று என்று விசாரிக்க வந்தவர், போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "படிச்சு முடிச்சா நம்ம ஊருக்கே போடுவாங்களா தோழர்?"

போட வைக்க வேண்டியது நம் பொறுப்பு என்றேன்.